அனுமதிக்கப்பட்ட சிரிப்புகள்

குளிர்மதி எக்ஸ்போர்ட்ஸில் தொழிலாளர்கள் சிரிக்கக் கூடாது என்று ஒரு காலத்திலும் விதி இருந்ததில்லை. சிரிக்கிற அளவுக்கு யாருக்கும் அங்கே ஓய்வு இருந்ததில்லை என்பதால் அப்படி ஒரு விதி தேவைப்படவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், செக்கிங் பிரிவில் வேலை பார்த்த காளியாத்தாள் சிரித்துவிட்டாள். விதிகள் அதற்குப் பிறகு வந்தவை.

அன்றைக்கு ஆடிட் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவில் குழந்தைகளுக்குச் சட்டை விற்கிற ஒரு கம்பெனி, குளிர்மதியிடம் சரக்கு வாங்குவதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை ஆளனுப்பி, இங்கே தொழிலாளர்கள் மனிதர்களாக நடத்தப்படுகிறார்களா என்று பார்த்துவரச் சொல்லும். அவர்கள் வருகிற தேதியை முன்கூட்டியே தெரிவித்துவிடுவார்கள். ஆகவே குளிர்மதியில் அந்த ஒரு வாரம் தொழிலாளர்கள் மனிதர்களாக நடத்தப்பட்டார்கள். கழிவறைக்குச் சோப்பு வந்தது. முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சு வந்தது. அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவரில் முயல் படம் வரைந்து, ஒரு தொட்டிலும் கட்டி, குழந்தைகள் காப்பகம் என்று பலகை மாட்டினார்கள். தொட்டிலில் படுக்க வைக்கக் குழந்தை கிடைக்காததால், அது அப்போதுதான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்ல முடிவானது.

இதையெல்லாம் செய்தவர் மனிதவள மேலாளர் கந்தவேல். அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதானாலும், "நாளையிலிருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க" என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

பதினொரு மணிக்கு உணவுக்கூடத்தில் நாற்பது தொழிலாளர்களை உட்காரவைத்து, வந்திருந்த வெள்ளைக்கார அம்மாளுக்குக் கந்தவேல் திரையில் படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படத்தையும் முதலில் ஆங்கிலத்தில் விளக்கி, பிறகு தொழிலாளர்களும் தங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று தமிழிலும் சொன்னார். பதின்மூன்றாவது படத்தில் ஓர் அப்பா, ஓர் அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு பெரிய நாய் எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கந்தவேல் சொன்னார்: "நமது தொழிலாளர்கள் மாலை ஐந்தரை மணிக்கு வேலையை முடித்து, ஆறு மணிக்குத் தங்கள் குழந்தைகளோடு இருக்கிறார்கள்."

காளியாத்தாளுக்கு நாற்பத்தொரு வயது. அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறினால் இரவு ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் இறங்குவாள். அவள் மகள் நிர்மலா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டுக்கு முந்தின நாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கூட்டம் முடிந்ததும் வகுப்பு ஆசிரியை நிர்மலாவைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, அம்மா இறந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கனிவோடு விசாரித்திருக்கிறார். இரண்டு வருஷமாக ஒரு கூட்டத்துக்கும் வராத தாயைப் பற்றி அந்த ஆசிரியை வேறு என்னதான் நினைப்பார்? நிர்மலா அதை ஒரு தமாஷாகச் சொன்னபடி அம்மாவுக்குச் சோறு போட்டாள். காளியாத்தாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் பதின்மூன்றாவது படத்தைப் பார்த்தபோதுதான் அது வந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி, வாய் மூடியிருந்ததால் மூக்கு வழியாக வெளியேறியது. மூன்று விநாடிகூட இருக்காது. வெள்ளைக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. நாற்பத்தாறு பக்கம். வேலை நேரம் குறித்த ஆவணங்கள் மிக ஒழுங்காக இருப்பதாக அதில் பாராட்டியிருந்தார்கள். முதலுதவிப் பெட்டி நன்று. காப்பகத்துத் தொட்டில் உறுதியானது. முப்பத்தோராம் பக்கத்தில் மட்டும் ஒரு குறை சொல்லப்பட்டிருந்தது. நிர்வாகம் வேலை நேரத்தைப் பற்றி விளக்கியபோது ஒரு பெண் தொழிலாளி ஸ்னிகர் செய்தார். முப்பது நாளுக்குள் இதைச் சரிசெய்து தெரிவிக்கவும்.

முதலாளி பூபாலன் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அவர் அப்பா காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்தவர். பூபாலனும் சின்ன வயதில் அந்தக் கடையில் உட்கார்ந்து, ஐந்து மொழிகளில் விலை பேசக் கற்றவர். ஆனால் இந்தச் சொல் அவர் காதில் விழுந்ததில்லை.

"அதென்னுங்க ஸ்னிகர்? மிட்டாய் பேராட்ட இருக்குது."

கந்தவேல் அதற்குள் மூன்று அகராதிகளைப் பார்த்துவிட்டிருந்தார். எதிரில் இருப்பவரை மதிக்காமல், வாய்க்குள் அடக்கிச் சிரிப்பது என்று விளக்கினார். அதற்குத் தமிழில் நமுட்டுச் சிரிப்பு என்று பெயர் இருக்கிறதே, அதற்கா முப்பது நாள் கெடு என்று பூபாலன் கேட்டார். தமிழில் சொல்லும்போது அது சின்ன விஷயமாகத் தெரிகிறது, ஆங்கிலத்தில் அது மீறல் என்றார் கந்தவேல். ஆர்டர் போய்விடுமா என்று பூபாலன் கேட்டார். கந்தவேல் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாற்பது பேரையும் மறுபடி உணவுக்கூடத்தில் உட்காரவைத்து, அன்றைக்குச் சிரித்தது யார் என்று கந்தவேல் கேட்டு முடிப்பதற்குள் காளியாத்தாள் எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க சார். ஏன் சிரிச்சேன்னு கேட்டீங்கன்னா—"

"காரணம் இப்ப வேண்டாமுங்கம்மா," என்றார் கந்தவேல். "மொதல்ல அது என்ன சிரிப்புன்னு முடிவாகட்டும்."

அதை முடிவு செய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் பெயர் டாக்டர் எஸ். சாமி. ஊரில் அவர் சீனிச்சாமி. டாக்டர் பட்டம் எதற்காக, யாரால் கொடுக்கப்பட்டது என்பதை அவருடைய விசிட்டிங் கார்டு தெரிவிக்கவில்லை. நிறுவனங்களில் பணிபுரிவோரின் நடத்தையைச் சீர்செய்வது அவர் தொழில். பன்னிரண்டு பேர் இருந்த அறையிலும் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டுதான் பேசினார்.

"நீங்கள் நூல் வாங்கும்போது பருமன் அறியக் கவுண்ட் பார்க்கிறீர்கள்," என்று ஆரம்பித்தார். "துணி வாங்கும்போது எடை பார்க்கிறீர்கள். பட்டன் வாங்கும்போதுகூட நிறம் பார்க்கிறீர்கள். ஆனால் சிரிப்பை மட்டும் எந்த அளவும் இல்லாமல் தொழிற்சாலைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நாட்டில் இன்னமும் ஒழுங்குபடுத்தப்படாமல் இருக்கும் ஒரே துறை சிரிப்புதான். வெள்ளைக்காரன் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறான். பெயர் வைத்ததால் அவன் முன்னேறினான். நாம் வெறுமனே சிரித்தோம்."

பூபாலன் கை தட்டினார். அதனால் எல்லோரும் தட்டினார்கள்.

ஒரு வாரம் வகுப்பு நடந்தது. சிரிப்பு ஏழு வகை என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகள்போல ஒன்றுமில்லாததற்குக் களுக்கென்று சிரித்தால் கிகிள். தனக்குள் திருப்தியாகச் சிரித்துக்கொண்டால் சக்கிள். கூச்சத்தோடு பல் தெரியாமல் சிரித்தால் டிட்டர். மகிழ்ச்சி தாங்காமல் மூக்கும் வாயும் சேர்ந்து சிரித்தால் சார்ட்டில். கோழி கொக்கரிப்பதுபோலச் சிரித்தால் கேக்கிள். வயிறு குலுங்க வாய்விட்டுச் சிரித்தால் கஃபா. ஏழாவதாக ஸ்னிகர். சுவரில் மாட்டிய அட்டையில் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதி, மேலே பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றையும் டாக்டர் சாமி தானே சிரித்துக் காட்டினார். கேக்கிளுக்கு அவர் முழங்கையை மடக்கி அடித்துக் காட்டியபோது, தையல் பிரிவு ரோஸ்மேரி பக்கத்திலிருந்த காளியாத்தாளிடம் குனிந்து, "முட்ட எங்கக்கா?" என்று கேட்டாள். ரோஸ்மேரி சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கல்லறைத் திருநாளிலும் அவளால் பக்கத்து ஆளைச் சிரிக்கவைக்க முடியும். ஆனால் காளியாத்தாள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவள் வேலை ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் யார் எதைச் சிரிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நிர்வாகத்தினர் கஃபா வரைக்கும் சிரிக்கலாம். சூப்பர்வைசர்கள் சார்ட்டில் வரைக்கும். தொழிலாளர்களுக்குக் கிகிளும் டிட்டரும். சக்கிள் மட்டும் சந்தேகத்துக்குரியதாக நிறுத்திவைக்கப்பட்டது. ஒரு தொழிலாளி தனக்குள் திருப்தியாகச் சிரித்துக்கொள்ள அப்படி என்ன இருக்கிறது என்பது விசாரிக்க வேண்டிய விஷயம் என்று டாக்டர் சாமி கருதினார்.

ஒவ்வொரு தையல் லைனுக்கும் ஒரு சிரிப்புப் பதிவேடு கொடுத்தார்கள். தேதி, நேரம், சிரித்தவர் பெயர், வகை, சூப்பர்வைசர் கையெழுத்து. மகிழ்ச்சியான தொழிலாளர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா, அதற்காக ஒரு லைனுக்கு நாளொன்றுக்கு ஆறு சிரிப்பு என்று இலக்கும் வைத்தார்கள். முதல் நாள் ஒரு லைன்கூட இலக்கை எட்டவில்லை. இரண்டாம் நாளிலிருந்து, பீஸ் குறைந்தால் எப்படி விரட்டுவார்களோ அப்படிச் சூப்பர்வைசர்கள் சிரிப்புக்கும் விரட்ட ஆரம்பித்தார்கள். குறைகிற சிரிப்பைத் தேநீர் இடைவேளையில் சிரித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. நான்காவது லைனில் ஒரே நாளில் மூன்று சிரிப்பு தரமில்லை என்று தள்ளுபடியானது. தையலைப் பிரித்துத் தைப்பதுபோல அவற்றை மறுபடி சிரிக்கச் சொன்னார்கள்.

ரோஸ்மேரிக்கு மட்டும் இதில் பிரச்சினை இருக்கவில்லை. தன் லைனுக்கான ஆறையும் காலையிலேயே சிரித்து முடித்துவிட்டு, பிறகு நாள் முழுக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். கோட்டா முடிந்துவிட்டது என்றாள்.

இருபத்திரண்டாம் நாள் காளியாத்தாளை விசாரணைக்கு அழைத்தார்கள். விசாரணை அதிகாரியாகக் கந்தவேல் உட்கார்ந்தார். புகார் கொடுத்தவரும் அவரே என்பதால் எதிரில் ஒரு காலி நாற்காலி போட்டிருந்தது. வலப்பக்கம் பூபாலன், இடப்பக்கம் டாக்டர் சாமி. மூலையில் ஒரு பெண் டைப் செய்துகொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அப்படியே மறுபடி சிரித்துக் காட்ட வேண்டும் என்று கந்தவேல் கேட்டுக்கொண்டார். காளியாத்தாள் முயன்று பார்த்தாள். இருமல்தான் வந்தது. வரமாட்டேங்குதுங்க என்றாள். டாக்டர் சாமி அவளுக்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னார். காளியாத்தாள் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டாள். பூபாலன் ஒன்று சொன்னார். அதற்குக் கந்தவேலும் டாக்டர் சாமியும் தங்கள் தகுதிக்கு உட்பட்டு கஃபா சிரித்தார்கள். காளியாத்தாள் சிரிக்கவில்லை.

கடைசியில், சம்பவம் நடந்த சூழ்நிலையை அப்படியே உண்டாக்கிப் பார்க்கலாம் என்று டாக்டர் சாமி யோசனை சொன்னார். கந்தவேல் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நமது தொழிலாளர்கள் மாலை ஐந்தரை மணிக்கு வேலையை முடித்து, ஆறு மணிக்குத் தங்கள் குழந்தைகளோடு இருக்கிறார்கள்" என்றார்.

வந்துவிட்டது. அதே மூன்று விநாடி, அதே மூக்கு. மூலையில் டைப் செய்துகொண்டிருந்த பெண்ணுக்கும் வந்தது. அவள் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

சந்தேகமே இல்லை, ஸ்னிகர்தான் என்று டாக்டர் சாமி அறிவித்தார். கந்தவேல் பேனாவைத் திறந்தார். அப்போது பூபாலனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மதிக்காமல் சிரித்தாள் என்றால் யாரை மதிக்காமல், எதற்காக மதிக்காமல் என்று ஐரோப்பாவிலிருந்து கேட்கமாட்டார்களா என்றார். ஏழு வகைச் சிரிப்பையும் கரைத்துக் குடித்த டாக்டர் சாமிதான் வழி காட்டினார்.

"ஸ்னிகர் என்று எழுதினால், எதிரில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்பது இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது என்று ஆகும். கிகிள் என்று எழுதினால் இந்த அம்மாளுக்கு எதுவுமே தெரியாது என்று ஆகும். நிறுவனத்தின் நலனைப் பார்த்தால், இவருக்கு எதுவும் தெரியாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது."

பூபாலன் முகம் தெளிந்தது. அங்கேயே ஒரு வாக்குமூலம் தயாரானது. மேற்படி தேதியில் நான் எந்தக் காரணமும் இல்லாமல், என் சுபாவப்படி, கிகிள் செய்தேன். கந்தவேல் அதைத் தமிழில் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

காளியாத்தாள் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக நாளுக்கு எண்ணூறு சட்டையைப் புரட்டி, ஓட்டை எது, எண்ணெய்க் கறை எது, தையல் விட்ட இடம் எது என்று பார்த்த கண். பழுதான இடம் முதல் பார்வையிலேயே பட்டுவிட்டது.

"காரணமில்லாமச் சிரிக்கறவளப் பைத்தியம்னுதானுங்க ஊர்ல சொல்லுவாங்க," என்றாள். "எனக்குக் காரணம் இருந்துச்சுங்க. சொல்லட்டுங்களா?"

"அது விசாரணை வரம்புக்குள்ள வராதுங்கம்மா," என்றார் கந்தவேல். குரலில் அத்தனை கனிவு. கையெழுத்துப் போட மனமில்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டியதில்லை என்றும், வாசல்வரை தானே வருவதாகவும் சொன்னார்.

யோசித்துச் சொல்ல அரை மணி நேரம் கொடுத்தார்கள். காளியாத்தாள் செக்கிங் மேஜைக்குப் போய் நின்றாள். அவள் கணவன் சின்னானுக்குச் சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நகர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதான் அவனால் முடியும். நிர்மலா பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "போட்ரு அக்கா," என்றாள். "பைத்தியம்னு எழுதித் தந்தா என்ன, அத வாங்கி வைக்கிறவன் தெளிஞ்சவனாக்கும்."

காளியாத்தாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். பென்சில் புள்ளி வைத்த இடத்தில் போடவில்லை. சற்றுத் தள்ளிப் போட்டாள். அவளால் அன்றைக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் வெள்ளைக்கார அம்மாள் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஒரு நாள் மட்டும். கந்தவேல் அவருக்குச் சுவர் அட்டையைக் காட்டினார், பதிவேடுகளைக் காட்டினார், வகுப்பு நடந்த புகைப்படங்களைக் காட்டினார். மூன்றாவது லைன் அவர் கையசைத்ததும் ஒரே சீராகக் கிகிள் செய்தது. கிகிளில் இதுவரை ஒரு தள்ளுபடியும் இல்லாத லைன் அது. அந்த அம்மாள் முகத்தில் லேசான அச்சம் தெரிந்தது. ஆனால் எல்லாம் எழுத்தில் இருந்ததால் அவரால் குறை சொல்ல முடியவில்லை. காளியாத்தாளைக் கூப்பிட்டு, அன்றைக்கு நீங்கள் சிரித்தது என்ன சிரிப்பு என்று கந்தவேல் மூலமாகக் கேட்டார்.

"கிகிளுங்க," என்றாள் காளியாத்தாள்.

அவர் நோட்டில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டார்.

ஆடிட் நாளில் ஐந்தரை மணிக்கு என்ன நடக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பழகியது. மணி அடிக்கும். முந்நூறு பேரும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, வந்திருப்பவர் பார்க்க முன்வாசல் வழியாக வெளியே போவார்கள். மதில் சுவரைச் சுற்றி நடந்து, வந்தவர் கார் ஏறியதும் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, ஆறு மணிக்கு மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்கு அது மிகவும் அவசியமாக இருந்தது. ஒரு லோடு மறுநாள் விடிகாலை தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். கப்பல் காத்திருக்காது.

மணி அடித்தது, எல்லோரும் முன்வாசல் வழியாகப் போனார்கள். வெள்ளைக்கார அம்மாள் படம் எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு, தனக்கு விமானம் பத்து மணிக்குத்தான், அதுவரைக்கும் விருந்தினர் அறையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்துவிடுகிறேன், ஆலை இப்போது அமைதியாகத்தானே இருக்கும் என்று கேட்டார். கந்தவேல் ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பின்வாசலுக்கு வந்தவர்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் நின்றார்கள். பிறகு கந்தவேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடிவந்தார். கதவின் கம்பி வழியாக முகத்தை நீட்டி, அந்த அம்மாள் உள்ளேதான் இருக்கிறார், மிஷின் ஓட்டினால் கேட்டுவிடும், எட்டு மணிக்குத்தான் கிளம்புவார், அதுவரை எல்லோரும் சாக்கடை ஓரத்தில் வேலமரங்களுக்குப் பின்னால் சத்தம் போடாமல் நிற்க வேண்டும் என்று கிசுகிசுத்தார். தயவு செய்து என்றும் சொன்னார்.

முந்நூறு பேர் சாக்கடையைப் பார்த்தார்கள். வேலமரங்கள் மொத்தம் நான்குதான் இருந்தன. முன்வரிசையில் காளியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் இயல்பான குரலில்தான் பேசினாள். குறும்பாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு அது ஒரு சந்தேகமாக இருந்தது.

"ஏனுங்க சார், நாங்க அஞ்சரைக்கே ஊட்டுக்குப் போயிட்டமுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டீங்க. போனவங்க மறுக்கா இங்க வந்து நின்னா, உங்க பேச்சுக்கு என்னுங்க மரியாதை?"

கந்தவேல் வாயைத் திறந்தார். அவர் இடதுகையில் ஒரு செருப்பும் வலதுகையில் ஒரு செருப்பும் இருந்தன.

முதலில் ரோஸ்மேரிக்குத்தான் சிரிப்பு உடைந்தது. பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு. என்ன விஷயம் என்று காதில் விழாத கடைசி வரிசைக்காரர்கள் கேட்டு வாங்கிச் சிரித்தார்கள். தமிழ் புரியாத பீகார்ப் பையன்களுக்குச் செருப்பே போதுமானதாக இருந்தது. ஏழு வகையும் அதில் இருந்தன, அட்டையில் ஏற்ற மறந்துபோன பல வகைகளும் இருந்தன. காளியாத்தாளும் சிரித்தாள். மூக்கு வழியாக அல்ல. கண்ணில் தண்ணீர் வர, பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கந்தவேல் உதட்டில் விரல் வைக்கப் போனார். விரல் இருக்க வேண்டிய இடத்தில் செருப்பு இருந்தது.

போகலாம் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கூட்டம் தானாகத் திரும்பி மெயின் ரோட்டுக்கு நடந்தது. சிரிப்பு அடங்கிவிட்டு மறுபடி யாரோ ஆரம்பிக்க, கடைசி ஆள் பஸ் ஏறும்வரை இருபது நிமிஷம் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

காளியாத்தாள் டவுன் பஸ்ஸில் ஊர் போய் இறங்கியபோது ஆறே முக்கால். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த நிர்மலா பயந்துபோய், கம்பெனியை மூடிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை கண்ணு, இன்னைக்கு அஞ்சரைக்கு உட்டுட்டாங்க என்றாள் காளியாத்தாள். அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று போனாள், மகள் சமைத்து முடித்திருந்தாள். குடம் எடுத்தாள், அது நிறைந்திருந்தது. கடைசியில் நிர்மலா பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து துணி மடித்தாள். மகளுடைய பள்ளிக்கூடச் சட்டை தோளில் இறுக்கமாகிவிட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

மறுநாள் லோடு போகவில்லை. கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பவேண்டி வந்ததில் பூபாலன் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். முந்நூறு பேருக்கும் தலைமை தாங்கியவள் என்று காளியாத்தாளுக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். கந்தவேல் எழுத உட்கார்ந்தார். மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போன குற்றத்துக்காக என்று எழுதிப் பார்த்தார், கிழித்தார். ஐந்தரை மணிக்கு மேல் வேலை செய்யாத குற்றத்துக்காக என்று எழுதினார், அதையும் கிழித்தார். வேலமரத்துக்குப் பின்னால் நிற்க மறுத்த குற்றத்துக்காக என்று எழுதியதைப் பூபாலனே கிழித்தார். எப்படி எழுதினாலும் அது கம்பெனியே கையெழுத்திட்ட வாக்குமூலமாகத்தான் ஆனது.

மூன்றாம் நாள் ஆடிட் அறிக்கை வந்தது. குறை நீங்கியது. வேலை முடிந்து வீட்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் இருபது நிமிஷம் மனம்விட்டுச் சிரித்ததை நானே விருந்தினர் அறையிலிருந்து கேட்டேன், இத்தனை வருஷத்தில் வேறு எந்த ஆலையிலும் நான் இதைக் கேட்டதில்லை, மற்ற ஆலைகளும் பின்பற்றலாம் என்று அதில் எழுதியிருந்தது. பூபாலன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

அதே நாள் மத்தியானம் காளியாத்தாளுக்கு மெமோவும் வந்தது. டாக்டர் சாமி தொலைபேசியில் சொல்லித் தந்த வழி அது. தொழிலாளர்களுக்கு அனுமதிக்கப்பட்ட கிகிள், டிட்டர் ஆகியவற்றை மீறி, நிர்வாகத்தினருக்கு மட்டுமே உரிய கஃபாவைப் பொதுச்சாலையில் நிகழ்த்தியதற்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.

இந்த முறை காளியாத்தாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பதின்மூன்றாவது படத்தையும் பைத்தியக் கையெழுத்தையும் சேர்த்து. நிர்மலா கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். காளியாத்தாள் மறுநாள் அதைக் கந்தவேல் மேஜையில் வைத்துவிட்டு, செக்கிங்குக்குப் போய்விட்டாள்.

ஐயா, நான் சிரித்தது உண்மை. போன தடவை சிரித்ததும் உண்மை. இரண்டுக்கும் இங்கிலீஷில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் வைத்ததே இருக்கட்டும். இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான். காரணமில்லாமல் சிரித்தேன் என்று எழுதி வாங்கினீர்கள், அது பொய். என்ன காரணம் என்று யாரும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால், அந்த வெள்ளைக்கார அம்மாளை வைத்துக்கொண்டு, நாற்பது பேர் முன்னிலையில் சொல்கிறேன். இப்படிக்கு, காளியாத்தாள்.

பூபாலன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு கந்தவேலைப் பார்த்தார்.

"கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாமுங்க சார்," என்றார் கந்தவேல். "கேட்டா, அந்தம்மா சொல்லிப்போடுமுங்க."

காளியாத்தாள் மீதான நடவடிக்கை அன்று மாலையே கைவிடப்பட்டது.